‘சரி சார், பாப்போம்’: பேச்சையும் உடல்மொழியையும் படிக்க ஒரு கரையோர வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற கடற்கரை ஊரில், ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மீனும் நண்டும் எடுத்து, ஐஸ் வைத்து, வெளியூருக்கு ஏற்றிவிடுகிற வியாபாரியின் கொட்டகையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஒரு தராசு, பத்து பிளாஸ்டிக் கூடை, ஐஸ் பெட்டி, கால்குலேட்டர். அவ்வளவுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. அறுபதை நெருங்கும் வள்ளக்காரர் ஒருவர் நீலக்கால் நண்டு கொண்டுவந்து தராசில் வைத்தார். ஏழெட்டு வருஷப் பழக்கம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அன்றைக்கு விலை இறங்கியிருந்தது. “மாமா, கிலோவுக்கு நாப்பது ரூபா கொறைஞ்சிருச்சு. மேல இருந்தே அப்படித்தான் சொல்றாங்க” என்றேன், கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே. தராசில் நின்ற எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி சார், பாப்போம்” என்றார். பணத்தை எண்ணாமல் மடியில் செருகினார். டீ சொன்னேன், “இப்பத்தான் குடிச்சேன்” என்றார். கூடையைக் கழுவாமலே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவருடைய நண்டு வேறொரு கம்பெனித் தராசில் இருந்தது.

சரி என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. தினமும் எச்சில் தொட்டு இரண்டு தடவை பணம் எண்ணுகிற மனுஷன் அன்றைக்கு எண்ணவில்லை. டீயை வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாதவர் சொன்னார். கூடையைக் கடல் தண்ணீரில் அலசாமல் எடுக்கவே மாட்டார், எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் மேலே, மாப்ளயாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் சார் ஆகிவிட்டேன். நாலு தடவை ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். நான் கேட்டது ‘சரி’ என்ற ஒரு சொல்லை மட்டும்.

அதற்குப் பிறகு ஆட்களைப் படிப்பதற்கு நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: அந்த ஆளின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் ஊருக்கு இரண்டு கடல். பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி தாண்டி வாடை என்கிற வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் கதை தலைகீழ். அதனால் ‘அலை அடிக்குது’ என்று யாராவது சொன்னால் எந்தக் கடலில், எந்த மாசத்தில் என்று தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. வாடையில் வடகடல் அடித்தால் அது செய்தி இல்லை. அடிக்காமல் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மனுஷனும் அப்படித்தான். ‘கையைக் கட்டிக்கொண்டால் மனசை மூடிவிட்டான்’, ‘கண்ணைப் பார்க்காவிட்டால் பொய்’ என்று பட்டியல் போடுகிற வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. மார்கழிக் காலையில் படகுத்துறையில் நிற்கிற எவனும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான், குளிருக்கு. ஒரு அசைவுக்கு ஒரு அர்த்தம் என்கிற அகராதியைத் தூக்கிப் போடுங்கள். இந்த ஆள் சாதாரண நாளில் எப்படி இருப்பார் என்பதுதான் முதலில் வேண்டும்.

அதற்கு, விஷயம் பேசுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் வெறும் பேச்சுப் பேசுங்கள். “பாடு எப்படி?” (வலையில் பட்டதைத்தான் பாடு என்போம்), “காத்து எப்படி இருக்கு?” போதும். அந்த நேரத்தில் நாலைந்து விஷயங்களை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், எவ்வளவு சத்தமாக, கை என்ன செய்கிறது, உங்களை எப்படிக் கூப்பிடுகிறார், வழக்கமாக எந்த இடத்தில் நிற்பார். இதெல்லாம் தெரிந்தால்தான் அப்புறம் எதுவும் மாறுகிறதா என்று பார்க்க முடியும்.

சத்தத்தைப் பற்றித் தனியாக ஒன்று. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற அதிகாரிகள் எங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டுச் சண்டை என்று நினைத்துவிடுவார்கள். காற்றுக்கும் இன்ஜினுக்கும் மேலே குரல் போக வேண்டும் என்று பழகிய தொண்டை அது, கரைக்கு வந்தாலும் இறங்காது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கத்தினால் பயப்படத் தேவையில்லை. திடீரென்று மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள், விஷயம் பெரிசு.

காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாசம் படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வருமானம் இல்லை. மே மாசக் கடைசியில் ஒருவர் உங்களிடம் எரிந்து விழுந்தால் அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: சொல்லைக் கேளுங்கள், அதைவிடச் சொல்லின் வாலைக் கேளுங்கள்

உடல்மொழி என்று ஆரம்பித்தாலே எல்லோரும் சொல்லை மறந்துவிடுகிறார்கள். தமிழில் பாதி உணர்ச்சி வினைச்சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடன் திருப்பித் தர வேண்டிய ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“தர்றேன்” என்றால் வாக்கு. “தர்றேன்னு சொல்லிட்டேன்ல” என்றால் வாக்கு உண்டு, கூடவே எரிச்சலும் உண்டு. “தரலாம்” என்றால் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். “தராம எங்க போகப் போறேன்” என்றால் தரும் எண்ணம் இருக்கிறது, எப்போது என்று மட்டும் கேட்காதே. “தந்துட்டாப் போச்சு” என்பவரை நம்பி மறுநாள் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். பணம் ஒன்றுதான், வாய் ஒன்றுதான், வால்தான் வேறு.

இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை மிக எளிது. பதிலில் நாள், நேரம், தொகை இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? “நாளைக்கு ஏலத்துக்கு முன்னாடி வந்து ரெண்டாயிரம் தர்றேன்” என்பது ஆமாம். “பாப்போம்”, “சொல்லி விடுறேன்”, “வீட்ல கேட்டுச் சொல்றேன்”, “அதுக்கென்ன, பண்ணிருவோம்” இதிலெல்லாம் நாளும் இல்லை, தொகையும் இல்லை. இவை நம் ஆட்கள் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லாமல் இருப்பதற்காக வைத்திருக்கும் சொற்கள். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் முகம் வாடக் கூடாது என்கிற தயவு அது. தயவை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது நம் தப்பு.

அடுத்தது, கூப்பிடுகிற முறை. இது எனக்கு நாற்பது கிலோ நண்டு செலவில் கிடைத்த பாடம். மாப்ள சார் ஆனால், அண்ணே முதலாளி ஆனால், நீ திடீரென்று நீங்க ஆனால் அங்கே ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. மரியாதை கூடினால் நெருக்கம் கூடியது என்று நினைக்காதீர்கள். தம்பியை வாடா போடா என்று பேசுகிற அக்கா ஒருநாள் “நீங்க பெரிய ஆளு, ஒங்களுக்குத் தெரியாததா” என்று ஆரம்பித்தால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தமிழில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முறைப்பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மனசில் வையுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பா வாப்பா, அண்ணன் காக்கா. மதுரையிலிருந்து லாரியில் புதிதாக வந்த கிளீனர் பையன் ஒருவன், பக்கத்திலிருந்தவர் “காக்கா!” என்று கூப்பிட்டதும் கூரையை அண்ணாந்து பார்த்தான். கடைக்காரர் அவனுக்கு ஒரு டீ கொடுத்து விளக்கிவிட்டார்.

சொல்லாமல் விடுகிற சொற்களும் பேச்சுதான். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் “எங்கே போறீங்க” என்று நாம் கேட்பதில்லை, “தூரமா?” என்போம். அவரும் “போறேன்” என்று முடிக்க மாட்டார், “போய்ட்டு வர்றேன்” என்பார். வீட்டம்மா “போ” என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அவர் கால் நின்றுவிடும். இலக்கணக்காரர்கள் இதைத் தகுதி வழக்கு என்று வகைப்படுத்தி, மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்தார்கள். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்வதைக் குழூஉக்குறிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். எங்கள் ஏல இடத்திலும் அந்த மாதிரி ஒன்றிரண்டு உண்டு. அதை இங்கே எழுதினால் என் பிழைப்பு போய்விடும்.

மூன்றாம் படி: குரலையும் இடைவெளியையும் அளந்து கேளுங்கள்

இப்போது பாதி வியாபாரம் போனில்தான். முகம் இல்லை, கை இல்லை, குரல் மட்டும்.

குரலில் நான் முதலில் கேட்பது பதில் வருவதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியை. 2009-இல் 10 மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்கு மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 0.2 விநாடிதான், மொழிக்கு மொழி பெரிய வித்தியாசம் இல்லை என்று அதில் கண்டார்கள். ‘ஆமாம்’ சீக்கிரம் வருகிறது, ‘இல்லை’ தாமதமாக வருகிறது என்றும் கண்டார்கள். “நாளைக்கு சரக்கு வருமா?” என்று கேட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து “வரும்...” என்று வந்தால், வராமல் இருப்பதற்கான ஏற்பாட்டை நான் உடனே பார்த்துவிடுவேன். ஒரே எச்சரிக்கை: டவர் சரியாக இல்லாத இடத்திலிருந்து பேசினால் லைனே தாமதமாகத்தான் வரும். அதை மனுஷன் மேல் போட்டு, பாவம், சந்தேகப்படாதீர்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவில் இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. பத்து தடவை அழித்துவிட்டு பதினோராவது தடவை பேசியதாகக் கூட இருக்கலாம். முக்கியமான பேச்சுக்கு நான் அதை நம்புவதில்லை.

படகில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் வேறு ஜாதி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ‘ஓவர்’ என்று சொல்லி விட்டால்தான் அடுத்தவர் வாயைத் திறக்க முடியும். அதில் குறிப்பு, ஜாடை, வால் எதற்கும் வேலை இல்லை. ஆபத்தில் 16-ஆம் சேனலில் படகின் பெயர், இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் இதை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கரையில் சுற்றி வளைத்துப் பேசுவதில் கெட்டிக்காரர்களாக இருக்கிறவர்கள் அங்கே நாலே வரியில் பேசுவதைக் கேட்டால், நம்மால் நேராகவும் பேச முடியும் என்று தெரியும்.

நான்காம் படி: ஒப்பந்தக் குறியா, தானாகக் கசிவதா என்று பிரியுங்கள்

உடல் சொல்வதில் இரண்டு வகை. ஒன்று, நாலு பேர் சேர்ந்து இதற்கு இதுதான் அர்த்தம் என்று முடிவு செய்துகொண்ட குறி. இன்னொன்று, ஆள் அறியாமல் கசிவது. இரண்டையும் குழப்பினால் சில இடங்களில் உயிரே போகும்.

நீருக்கடியில் முழுகுகிறவர்களின் சைகை நல்ல உதாரணம். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ‘சூப்பர்’ என்று அர்த்தம் இல்லை, ‘மேலே போகிறேன்’ என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டும். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ கோளாறு. முதல் தடவை இறங்குகிறவர் சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கினால், கூட வந்தவர் அவரை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். சிலிண்டர் வராத காலத்தில் முத்துக் குளித்தவர்களுக்குக் கயிறுதான் வாய். இறங்குகிறவர் கல்லோடு அடிக்குப் போவார், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பது சின்ன விஷயமா?

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இந்த வகைதான். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும். 1-ஆம் எண் ஏறினால் எங்கோ தூரத்தில் புயல் உருவாகக்கூடிய வானிலை இருக்கிறது. எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது, 8 முதல் 10 வரை பெரிய அபாயம். அதற்கும் மேலே 11 என்று ஒன்று இருக்கிறது. பலர் அதை இன்னும் பெரிய புயல் என்று நினைக்கிறார்கள். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பதுதான் 11-க்கு அர்த்தம். பேச்சு நின்றுபோனதைச் சொல்லும் குறிக்குத்தான் பட்டியலிலேயே கடைசி எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் கோபமாகக் கத்துவதை 8 என்று வைத்தால், கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருப்பது 11.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டியது. நடுக்கடலில் உதவி கேட்க இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் அது உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட ஆபத்துக் குறி. வேகமாக ஆட்டினால் வேடிக்கைக்குக் கையசைக்கிறார்கள் என்று கடந்து போய்விடலாம். சுற்றுலாப் படகில் ஏறுகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

ஒப்பந்தக் குறிகளை ஊகிக்கக் கூடாது, கேட்டுப் படிக்க வேண்டும். ஏல இடத்தில் புருவத்தைத் தூக்கினால் விலை கேட்டதாகிவிடும் என்று தெரியாமல் வேடிக்கை பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஐந்தாம் படி: கசிவதைப் பாருங்கள், காலிலிருந்து தொடங்கி

முகத்தை எல்லோரும் அடக்கப் பழகியிருக்கிறோம், காலை யாரும் பழக்குவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய பாதம் வாசல் பக்கம் திரும்பிவிட்டால் நான் பேச்சைச் சுருக்கிக்கொள்வேன். அவருக்கு அவசரம் இருக்கலாம், நான் அறுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

கை: எங்கள் கொட்டகையில் நண்டு உரிக்கிற அக்காமார் பேசும்போது தலை நிமிர மாட்டார்கள். வேக வைத்த நண்டின் ஓட்டைப் பிரித்து, சதை உடையாமல் கத்தியால் எடுக்க வேண்டும், கிலோ கணக்கில் கூலி. கண் கையில்தான் இருக்கும். அவர்கள் நம்மைப் பார்க்காமல் பதில் சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டதும் கத்தி ஒரு கணம் நின்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. “லோனுக்கு யாரும் கையெழுத்துப் போடச் சொன்னாங்களாக்கா?” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். வாய் “இல்லையே” என்றது. கத்தி நின்றது. மத்தியானம் அந்த அக்காவே தனியாக வந்து, நாத்தனாருக்காகப் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னது.

கண்: அப்பா முன்னால், சம்மாட்டி என்கிற படகு முதலாளி முன்னால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது எங்கள் பையன்களுக்கு மரியாதை. அதே பையன் சென்னையில் வேலைக்கு நேர்காணலுக்குப் போய் அப்படி உட்கார்ந்தால் தன்னம்பிக்கை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பையனுக்கு நான் சொல்வது: கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தொடங்கு, நடுவில் வேறெங்கு வேண்டுமானாலும் பார், முடிக்கும்போது திரும்ப முகத்துக்கு வா. நேர்காணல் செய்கிறவர்கள் கையில் கிடைத்தால் அவர்களுக்கும் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்.

தலை: நம் தலையாட்டலைப் பற்றி வெளிநாட்டார் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மேலும் கீழும் என்றால் ஆமாம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை, இது நமக்கும் அப்படித்தான். தோளை நோக்கிச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, அதுதான் அவர்களுக்குப் புதிர். வேகமாக ஆட்டினால் ஒப்புதல். மெதுவாக, ஒரே ஒரு தடவை சாய்த்தால் ‘கேட்டுக்கொண்டேன்’ என்றுதான் பொருள், ஒத்துக்கொண்டேன் என்று இல்லை.

தூரம்: எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் மனிதர்கள் நிற்கும் தூரத்தை அளந்தார். நெருக்கமானவர்களுக்கு சுமார் 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, வேலைப் பழக்கத்துக்கு 3.6 மீட்டர் வரை என்று. அவர் அளந்தது அவர் ஊர் நடுத்தர வர்க்கத்தை. ராமநாதபுரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தால் அளவுகோலைக் கீழே போட்டிருப்பார். இங்கே ஆம்பளைகள் கையைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார்கள். ஆனால் கருத்து சரிதான்: வழக்கமாகத் தோளில் கை போடுகிறவர் இரண்டடி தள்ளி நின்றால், அந்த இரண்டடிதான் சேதி.

ஆறாம் படி: சொல்லும் உடலும் ஒத்துப்போகாதபோது

‘பேச்சில் 93 சதவீதம் உடலும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம்’ என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். அது 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. ஒற்றைச் சொல் ஒன்றைப் பல தொனியில் சொல்ல வைத்து, முகப்படமும் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது, அதுவும் சொல்லும் முகமும் முரண்படும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் அதைப் போடக் கூடாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நிஜமாகவே சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால் தெலுங்குப் படத்தைச் சத்தமில்லாமல் பார்த்தே கதையைச் சொல்லிவிடலாமே.

இன்னொரு ஆசையையும் விட்டுவிடுங்கள்: பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆசை. 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பொய்யையும் மெய்யையும் பிரிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். காசைச் சுண்டிப்போட்டால் 50 வருமே. நெற்றி வேர்ப்பது பொய்யாலும் இருக்கலாம், தகரக் கூரையாலும் இருக்கலாம்.

ஆகவே சொல்லும் உடலும் ஒத்துப்போகவில்லை என்றால், ‘ஏதோ இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன இருக்கிறது என்று நீங்களே கதை கட்டாதீர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் எனக்குப் பெரிய உதவி. மனசில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம். சிரிப்பு என்றால் எள்ளல், இளமை, பேதைமை, மடன் இவற்றில் எதிலிருந்தும் வரலாம். அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவர் அழுவதைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைக்கிறோம். அவமானப்பட்டிருக்கலாம், முன்பிருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்கலாம், கையில் காசில்லாமல் இருக்கலாம். வெளியே தெரிவது ஒன்று, உள்ளே வழி நாலு. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற அதே தலைப்பு 71-ஆம் அதிகாரத்துக்கும் 110-ஆம் அதிகாரத்துக்கும் இருக்கிறது. ஒன்று ஆளுகிறவர் மனசை அறிவது, மற்றது காதலிக்கிறவர் மனசை அறிவது. ஒரே பாடத்தை இரண்டு தடவை வைக்கிற அளவுக்கு இடத்துக்கு இடம் குறிப்பு மாறுகிறது.

ஏழாம் படி: கேளுங்கள், ஆனால் கேட்கிற விதமாக

இதுதான் கஷ்டமான படி. “ஏன் கோவமா இருக்கீங்க?” என்று கேட்டால் “கோவமெல்லாம் ஒண்ணுமில்லையே” என்றுதான் பதில் வரும். கோபத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது அவரை இன்னும் ஒரு படி இறக்குவது.

நான் மூன்று காரியம் செய்கிறேன். ஒன்று, ஆளில்லாத நேரம். கரைக்கு வந்து ஏறியதும் கேட்கக் கூடாது, இரவெல்லாம் முழித்தவர். குளித்து ஒரு தூக்கம் போட்டு சாயங்காலம் டீக்கடைக்கு வரும்போது கேட்கலாம். இரண்டு, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு, அல்லது கூட நடந்துகொண்டு. முகத்துக்கு முகம் இருந்தால் விசாரணை ஆகிவிடும். மூன்று, கேள்வியை அவர் மேல் வைக்காமல் என் மேல் வைத்து, இரண்டு வழி காட்டுவது: “நான் எங்கயோ தப்பாப் பேசிட்டேன்னு தோணுது மாமா. வெலைய எறக்கினதா, இல்ல வேற எதுவுமா?” இரண்டு வழி இருந்தால் மனுஷனுக்கு மூன்றாவதைச் சொல்லவும் தைரியம் வரும்.

நண்டு மாமாவிடம் நான் இப்படிக் கேட்டது ஆறு மாசம் கழித்து. அவர் கிளாஸைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “வெல எறங்குனதுக்கு நீ என்ன பண்ணுவ? எம் மருமகன் கூட நின்னான்ல. கல்யாணமாகி மொத வாட்டி என்கூட வள்ளத்துல வந்துருக்கான். அவன் முன்னால, ஏம் மூஞ்சியக் கூடப் பாக்காம, அந்த மிசினப் பாத்துச் சொன்ன பாரு.”

நாற்பது ரூபாய் என்று நான் ஆறு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகன் அங்கே நின்றது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

நேரே கேட்க முடியாத இடங்களும் உண்டு: மூத்தவர்கள், சம்பந்தி வீடு, பழைய பகை. அங்கே இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒருவரை அனுப்புவதுதான் நம் வழக்கம். அதைக் கோழைத்தனம் என்று புது வகுப்புகளில் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தூது போகிறவரிடம் முடிவைக் கேட்டு வரச் சொல்லாதீர்கள், எப்போது வரலாம் என்று மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: உங்களையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்

எதிராளி பேசும்போது போனைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள். கெட்ட செய்தி சொல்லும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது, கால்குலேட்டர் முக்கியமாக. பணம் கொடுக்கும்போது மேஜையில் எறியாமல் கையில் கொடுங்கள். பழகுவதற்கு ஒரு வாரம் தினம் பத்து நிமிஷம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, காதில் விழாத தூரத்தில் பேசிக்கொண்டிருக்கும் இருவரைப் பாருங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று ஊகியுங்கள். முடிந்தால் பக்கத்தில் போய்ச் சரிபாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் தப்பாகத்தான் வந்தது.

உங்கள் கசிவு எது என்று உங்களுக்குத் தெரியாது. அதைத் தினமும் உங்களைப் பார்க்கிற ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். நான் நண்டு உரிக்கிற அக்காமாரிடம் கேட்டேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் மூத்தவர் சொன்னது: “வெல எறங்கப் போகுதுன்னா நீ காலைல வந்ததும் பேனா மூடியக் கடிப்ப தம்பி. நீ கடிச்சா அன்னைக்கு நாங்க கூலி கூடக் கேக்க மாட்டோம். பதினஞ்சு வருசமா இதான்.”